இடது கையின் மண்டலம்

9 ஜூன் 2024, ஞாயிறு

எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தும் பூபாலனின் அம்பத்தூர் வீட்டு மாடியில், குழுவுக்கென்று அவர் வாங்கியிருக்கும் புதிய கருவியை இன்று பார்த்தேன். அறுபத்தொரு கட்டைகள். கறுப்பு நிறம். மின்சாரத்தில் இணைத்து ஒரு கட்டையை அழுத்தினேன். ஒலியில்லை. இன்னொன்றை அழுத்தினேன். அதிலும் இல்லை. பழுதான பொருளை யாரோ இவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எண்ணி, அதைப் பண்பாகத் தெரிவிக்கும் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பூபாலன் சிரித்தார்.

“இன்னா அண்ணி, முழிக்கிறீங்க? இதுக்கு வாயே கெடையாது. இது கண்ட்ரோலர். சத்தம் எல்லாம் லேப்டாப்புல கீது. இது கட்டளை போடும், அவ்ளோதான்.”

தான் ஒன்றும் செய்யாமல் கட்டளை மட்டும் இடும் கருவி. மறைந்த என் மாமியாரை நினைத்துக்கொண்டேன். இதை எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டேன்.

பதினைந்து ஆண்டுகளாக நான் வாசித்துவந்த பழைய கீபோர்டில் ஏழு கட்டைகள் அழுத்தினால் எழுவதில்லை. இனி இதுதான். இதன் கட்டைகளை நான்கு ஜோன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டோன் கொடுக்கலாமாம். ஜோன் என்ற சொல்லை என் நோட்டில் எழுத மனம் ஒப்பவில்லை. ‘மண்டலம்’ என்று எழுதினேன். ரிதம் பேடு வாசிக்கும் வெங்கட் எட்டிப் பார்த்துவிட்டார்.

“அக்கா, கார்ப்பரேஷன்ல மண்டலம் ஏழு அம்பத்தூர்க்கா. எங்க தெருவுல குப்ப வண்டி வர்ல. இதுல கம்ப்ளைன்ட் குடுக்கலாமா?”

பாடகி நசீம் பானு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூபாலன் சிரித்தார். பேஸ் கிட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த என் கணவரும் சிரித்தார், எல்லோரும் ஓய்ந்த பிறகு. அவர் எதிலும் சற்றுத் தாமதம்.

12 ஜூன், புதன்

கருவி ஆவடிக்கு, எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தது. மகள் தீபிகா விட்டுச்சென்ற லேப்டாப்புக்கும் அதற்கும் அறிமுகம் செய்துவைக்க மூன்று மணி நேரம் பிடித்தது.

16 ஜூன், ஞாயிறு

பிறர் உதவியின்றிக் கற்றுக்கொண்டேன் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். கையேடு முழுவதும் ஆங்கிலம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியிடம் படித்தவள். மீதியை அகராதியிடம் படித்தவள்.

வழிமுறை வருமாறு. மண்டலத்துக்குரிய பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தபடியே, அம்மண்டலம் தொடங்க வேண்டிய கட்டையையும் முடிய வேண்டிய கட்டையையும் ஒருமுறை தொட வேண்டும். எல்லை வகுக்கப்பட்டுவிடும். பிறகு லேப்டாப்பின் பட்டியலிலிருந்து அம்மண்டலத்துக்கு ஒரு டோனைத் தேர்ந்தெடுக்கலாம். புல்லாங்குழலில் மட்டும் பதினெட்டு வகை. ஊதுபவரின் மூச்சு கேட்பது ஒன்று. மூச்சே விடாமல் ஊதுவது ஒன்று. பெரிய மண்டபத்தின் மறுகோடியில் நின்று ஊதுவது ஒன்று.

வலப்பக்கத்துக்கு, அதாவது முதல் மண்டலத்துக்கு, மூச்சு கேட்கும் புல்லாங்குழலை வைத்தேன். இடப்பக்கத்துக்கு, இரண்டாம் மண்டலத்துக்கு, வயலின் கூட்டம். வாசித்துப் பார்த்தபோது நடுவில் ஒரேயொரு கட்டை மட்டும் இரண்டு குரலிலும் பேசியது. அரை மணி நேரம் குழம்பினேன். ஒரு மண்டலம் முடியும் கட்டையும் அடுத்தது தொடங்கும் கட்டையும் ஒன்றே என்று வகுத்திருந்தேன். ஒரே மனைக்கு இரண்டு பட்டா! குடியிருப்போர் நலச் சங்கத்தின் மனுக்களையெல்லாம் எழுதித் தருபவள் நான்.

சரிசெய்து முடித்தபோது என் கணவர் வாசற்படியில் நின்றிருந்தார்.

“முடிஞ்சுதா வசந்தா?”

“முடிந்தது.”

“நீ முடிச்சிடுவன்னு தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் புறப்பட்டார். தாம் முடித்தது போல அவ்வளவு திருப்தி அவர் முகத்தில். கையேட்டின் ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டிப் பார்க்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

23 ஜூன், ஞாயிறு

பயிற்சி முடிந்து அவர் வண்டியை எடுக்கக் கீழே இறங்கியதும், பூபாலன் என்னை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்காமல், வயரைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

“அண்ணி, செப்டம்பர் பதினாலு நசரத்பேட்டைல ரிசப்ஷன். பெரிய பார்ட்டி. ஆனா மேடைல பாதி பூ அலங்காரத்துக்கே பூடுது. நாலு பேர் நிக்கத்தான் எடம்ன்றான். நாம அஞ்சு பேர் கீறோம்.”

“ஆகவே?”

“அந்தக் கண்ட்ரோலர்ல கீழ ஒரு ஜோன் போட்டு, அதுல பேஸ் டோன் வெச்சிக்கினா… உங்க இடது கையே போதும் அண்ணி. இனிமே வர்ற பார்ட்டி எல்லாம் நாலு பேர்தான் கேக்கும். அண்ணன் கிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லிக்காதீங்க. மொதல்ல வருதான்னு பாருங்க.”

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரமாகிறது. தெளிவாக எழுதிவிடுகிறேன். என் இடது கை பேஸ் வாசிக்கக் கற்றுக்கொண்டால் மேடையில் என் கணவருக்கு இடமில்லை. இதைக் கேட்டதும் என் மனத்தில் முதலில் எழுந்தது வருத்தமன்று. ‘என்னால் முடியும்’ என்பதுதான் முதலில் எழுந்தது. வருத்தம் மாடிப்படி இறங்கும்போது வந்தது.

பதினைந்து ஆண்டுகளாக அவருடைய வாசிப்பின் குறைகளை என் வாசிப்பால் மறைத்துவருகிறேன் என்பது என் எண்ணம். அவர் பயிற்சி செய்வதில்லை. பாட்டின் குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்வதில்லை. எந்தப் பாட்டானாலும் ஒரு நூலிழை பின்னால்தான் வருவார். இதையெல்லாம் அவரிடம் நான் சொன்னதில்லை. நோட்டிடம்தான் சொல்கிறேன்.

30 ஜூன், ஞாயிறு

அவர் பகல் ஷிப்டுக்குப் போகும் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறேன். கீழே மூன்றாம் மண்டலம் வகுத்தாயிற்று. பேஸ் டோன்கள் இருபத்தாறு. விரலால் மீட்டுவது, பிளாஸ்டிக் வில்லையால் மீட்டுவது, உருண்டையானது, தட்டையானது, மின்விசிறி போல உறுமுவது. இருபத்தாறையும் ஒரே பாட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. எதுவும் சரியாக இல்லை.

பக்கத்துப் போர்ஷன் புஷ்பா கதவைத் தட்டி, “இன்னாக்கா, மோட்டார் ஓடுதா? தண்ணி வருதா?” என்று கேட்டார். இருபத்திரண்டாம் டோன். அதை நீக்கிவிட்டேன்.

7 ஜூலை, ஞாயிறு

அவருக்கு ஓவர்டைம். நான் மட்டும் அம்பத்தூர் சென்றேன். மூன்று மண்டலங்களையும் வைத்துக் குழுவுக்கு முதன்முறையாக வாசித்துக் காட்டினேன். ஒரு பிழையும் இல்லை. வெங்கட் கைதட்டினார். பூபாலன் கட்டைவிரலை உயர்த்தினார். நசீம் பானு மட்டும் மைக்கை வைத்துவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

“என்னம்மா?”

“தப்பு ஒண்ணும் இல்லக்கா. ஆனா பாட்டு ஓடுதுக்கா. உக்கார மாட்டேங்குது.”

“வேகம் அதிகமா?”

“வேகம் இல்ல. எப்டிச் சொல்றது… அண்ணன் வாசிச்சா நான் ஒரு வார்த்தைய முடிச்சிட்டு, ஒரு நிமிசம் சாஞ்சிக்கலாம். இதுல சாய எடம் இல்ல.”

பூந்தமல்லியில் தந்தையின் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டே பாடப் பழகியவள். அவளும் என்னைப் போல எவரிடமும் கற்காதவள். ஆகவே அவள் காதை நான் மதிக்கிறேன். ஆகவே வலிக்கிறது.

14 ஜூலை, ஞாயிறு

கைப்பேசியில் இருக்கும் பழைய நிகழ்ச்சிப் பதிவுகளைக் கேட்டேன், நாற்காலியில் விரலால் தட்டிக்கொண்டே. என் இடது கை சுருதிக்கூட்டை, மற்றவர்கள் சொல்லும் கார்டை, மாற்றுகிறது. அதன் பின்னால், இமை பாதி மூடும் நேரத்தில், அவருடைய பேஸ் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி. நசீம் பானு சாய்ந்துகொள்வது அந்த இடைவெளியில்தான்.

குறை என்று நான் கணக்கில் வைத்திருந்தது இதைத்தானா?

சரி. அதையும் கற்றுக்கொள்கிறேன். இடது கையை நூலிழை தாமதமாக வைத்துப் பழகுகிறேன்.

17 ஜூலை, புதன்

தாமதமாக வாசித்தால் தாமதமாகத்தான் கேட்கிறது.

27 ஜூலை, சனி

நேற்று இரண்டாம் ஆடி வெள்ளி. திருமுல்லைவாயல் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. புதிய கண்ட்ரோலருடன் முதல் மேடை. பேஸ் மண்டலத்தை நான் தொடவில்லை; அவர் தம் கிட்டாருடன் வழக்கம்போல என் இடப்பக்கம் நின்றார். எல்லாம் நன்றாக நடந்தது, கடைசிப் பாட்டு வரை.

கடைசிப் பாட்டுக்கு முன் நசீம் பானு என் காதருகில் வந்தாள். “அக்கா, தொண்ட கட்டிக்கிச்சு. அரை கட்டை எறக்கிக்குங்க.” பூபாலனுக்கும் என் கணவருக்கும் கேட்கும்படி “அரை கட்டை கீழே” என்று அறிவித்தேன். அவர் தலையசைத்தார். பொத்தானை அழுத்தினேன். திரையில் மைனஸ் ஒன்று என்று வந்தது; அரை கட்டைக்கு அதுதான் கணக்கு.

பாட்டு தொடங்கியது. நசீம் பானு கீழ்ச் சுருதியில். என் புல்லாங்குழல் கீழ்ச் சுருதியில். அவருடைய பேஸ் மட்டும் பழைய சுருதியில், அரை கட்டை மேலே. அந்தப் பெரிய ஒலிபெருக்கியில் அது கேட்ட விதத்தை எழுத எனக்குச் சொல் இல்லை. முன்வரிசைப் பெண்கள் காதைத் தொட்டுக்கொண்டார்கள். நான் பதறிப்போய் இடது கையை எடுத்துவிட்டு வலது கையால் மட்டும் வாசித்தேன். நான் கையை எடுத்ததும் அவர் இன்னும் மோசமாகத் தடுமாறினார். இரண்டு வரி, வழி தெரியாதவர் போல. பூபாலன் முறைத்தார். என் கணவர் கிட்டாரின் ஒலித்திருகைச் சுழற்றி ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டு, பாட்டு முடியும் வரை, ஒலியில்லாத தந்திகளின்மேல் விரலை நகர்த்திக்கொண்டு நின்றார். முந்நூறு பேருக்கு முன்னால்.

மேடையை விட்டு இறங்கியதும், “மன்னிச்சுக்க பூபாலா. என் தப்பு” என்றார்.

வண்டியில் வரும்போது கேட்டேன். “அரை கட்டை கீழே என்று சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லையா?”

“கேட்டுச்சு.”

“பிறகு?”

அவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். அதற்கப்பால் நான் கேட்கவில்லை.

இன்று காலை பூபாலன் தொலைபேசியில். “பாத்தீங்களா அண்ணி, இதுக்குத்தான் சொன்னேன். நீங்க அந்த ஜோன சீக்கிரம் ரெடி பண்ணுங்க.” சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன்.

28 ஜூலை, ஞாயிறு

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அமைப்புகளைச் சேமித்து வைப்பது என் ஒழுங்கு. இன்று அதைத் திறந்தேன்.

முதல் மண்டலம்: மைனஸ் ஒன்று.
இரண்டாம் மண்டலம்: பூஜ்யம்.

ஐயோ.

பழைய கீபோர்டில் ஒருமுறை இறக்கினால் முழுக் கருவியும் இறங்கும். இதில் அப்படியில்லை. எந்த மண்டலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமோ அது மட்டும்தான் இறங்கும். கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம். நான் படித்த பக்கம். நானே அடிக்கோடிட்ட பக்கம்! என் வலது கை இறங்கிவிட்டது. இடது கை பழைய சுருதியிலேயே நின்றிருக்கிறது. நான்தான். நான்தான் தப்பு பண்ணினது. அவர் இல்ல.

ஆனால் — அறிவித்தது அவருக்குக் கேட்டிருக்கிறதே. கேட்டுச்சுன்னு அவரே சொன்னாரே. கேட்ட பிறகும் ஏன் மேல் சுருதியில் வாசித்தார்? நான் கையை எடுத்ததும் ஏன் வழி தெரியாமல் போனார்?

30 ஜூலை, செவ்வாய்

இன்னும் சொல்லவில்லை.

1 ஆகஸ்ட், வியாழன்

இன்றும் சொல்லவில்லை. ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்று தொடங்கும் நூறு கடிதங்களை எழுதியவளுக்கு ‘என் பிழை’ என்ற இரண்டு சொற்களைச் சொல்ல வரவில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

அவர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். எழுந்துபோக முடியாதபடி நானும் ஒரு கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“ஆடி வெள்ளியன்று பிழை செய்தது நான். வலது பக்கத்தை மட்டும் இறக்கினேன். இடது பக்கம் இறங்கவில்லை.”

“தெரியும்” என்றார், கீரையைப் பார்த்தபடியே.

“தெரியுமா? எப்போது?”

“அப்பவே. இடது கை மேல இருந்துது, வலது கை கீழ இருந்துது. காதுல விழுந்துச்சே.”

“தெரிந்தும் ஏன் மேலேயே வாசித்தீர்கள்? நசீம் கீழே பாடுகிறாள், எல்லோரும் கீழே இருக்கிறார்கள்…”

“எல்லாரும் எங்க இருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் வசந்தா? நான் என்னிக்குப் பாட்டு கத்துக்கிட்டேன்? உன் இடது கை எங்க போவுதோ அங்க போவேன். அது மாறினா மாறுவேன். அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச சங்கீதம். அது மேல போனா, தப்பா இருந்தாலும் நான் அங்கதான் போவணும். நீ கையை எடுத்துட்ட. எனக்கு எங்க போறதுன்னு தெரியல.”

அந்த நூலிழை. இமை பாதி மூடும் நேரம். என் கை போவதைப் பார்த்து, பிறகு அவர் கை போகும் நேரம் அது.

நான் கீரையை ஆய்ந்தேன். கேள்வி கேட்காவிட்டால் அவர் மேலும் பேசுவார் என்று இருபத்தைந்து ஆண்டு இல்லறத்தில் கற்றிருக்கிறேன்.

“அதோட இன்னொண்ணு” என்றார். “பூபாலன் உன்கிட்ட சொன்னானே, பேஸையும் நீயே வாசிச்சுக்கன்னு. அது நான் சொல்லச் சொன்னதுதான்.”

கையிலிருந்த கொத்து கீழே விழுந்தது. ஆறு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு திருடி போல வாசித்திருக்கிறேன்! “உங்களுக்கு இது வெட்கமாக இல்லையா?” என்று நான் கத்தினேன். “எனக்குத் தெரியாம எனக்கே ஏற்பாடா? நேரா வந்து சொன்னா என்ன?”

“நேரா சொன்னா, நீங்க வரலன்னா நானும் நின்னுக்கறேன்னு மனு எழுதிக் குடுத்துடுவ.”

சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தின் நடுவில் சிரிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். 2009இல் பூபாலன் என்னைக் குழுவுக்கு அழைத்தபோது, ‘அவனும் கூடப் போனால்தான் நீ போகலாம்’ என்றார் என் மாமியார். மறுவாரமே இவர் தொழிற்சாலை நண்பரிடம் பழைய பேஸ் கிட்டாரை வாங்கி வந்து, “எனக்கும் ரொம்ப நாளா ஆசை” என்றார். நான் அதை நம்பினேன். என் பெயரில் பங்கு கேட்க வருகிறார் என்றுகூட அந்நாளில் எண்ணினேன். ஆசை ஒன்றும் இருந்ததில்லையாம். மேடை என்றாலே அவருக்குப் பயமாம். எந்த மண்டபத்துக்குப் போனாலும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறை எங்கே என்று பார்த்துக்கொள்வாராம். அம்மா போய் ஆறு ஆண்டு ஆயிற்று, ஆனாலும் பழக்கத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லையாம்.

“அம்பத்தஞ்சு ஆவுது எனக்கு. போதும் வசந்தா. நீ போய்ட்டு வா.”

5 ஆகஸ்ட், திங்கள்

நான் அவரைத் தாங்கிவருகிறேன் என்று எழுதியிருக்கிறேன், இதே நோட்டில், ஜூன் 23 அன்று. அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

குழுவின் முன் எழுந்து நின்று சொன்னேன். வாக்கியத்தை முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தேன்: “இரண்டாம் ஆடி வெள்ளியன்று நிகழ்ந்த சுருதிப் பிறழ்வுக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. என் கணவருடையது அன்று.”

பூபாலன் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

“இன்னாக்கா, ராஜினாமாவா?” என்றார் வெங்கட்.

மண்டலங்களை விளக்கினேன். இறங்கியது எது, இறங்காதது எது என்று வாசித்தும் காட்டினேன். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “எதுக்கு இப்ப இதெல்லாம்” என்று முணுமுணுத்தார். ஆனால் நசீம் பானு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

“யா அல்லா. அன்னிக்கு அண்ணன விட ஒங்க வயலின்தான் எனக்கு இடிச்சுச்சு. அக்கா தப்பு பண்ண மாட்டாங்க, அப்ப என் காதுதான் பூடுச்சின்னு நெனச்சேன். ரெண்டு வாரமா தூக்கம் இல்லக்கா. காது டாக்டர் வரைக்கும் போய்ட்டு வந்தேன்!”

‘அக்கா தப்பு பண்ண மாட்டாங்க.’ இந்தப் பெயரைத்தான் பதினைந்து ஆண்டுகளாக வளர்த்துவந்தேன். அதை நம்பிய ஒருத்தி தன் காதைச் சந்தேகித்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “மன்னிச்சிடும்மா” என்றேன்.

பூபாலன் தலையைச் சொறிந்தார். “அப்போ அண்ணன் மேல தப்பே இல்ல. அண்ணே, நீங்க நில்லுங்கண்ணே, நான் பார்ட்டி கிட்ட பேசிக்கிறேன். பூத்தொட்டிய கொஞ்சம் நவுத்துனா ஆச்சு.”

என் கணவர் என்னைப் பார்த்தார்.

15 ஆகஸ்ட், வியாழன்

விடுமுறை. குவார்ட்டர்ஸில் கொடியேற்றிவிட்டு மிட்டாயுடன் வந்தார். கேட்டேன்: “நான் கேட்டுக்கொண்டால் மேடையில் நிற்பீர்களா?”

“நீ கேட்டா நிப்பேன்.”

18 ஆகஸ்ட், ஞாயிறு

கேட்கவில்லை.

பூபாலனிடம் நானே சொல்லிவிட்டேன், நான்கு பேர் என்று.

25 ஆகஸ்ட், ஞாயிறு

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். அவருடைய தாமதத்தை என் இடது கையில் கொண்டுவரும் முயற்சியைக் கைவிட்டேன். அது ஒருவர் இன்னொருவரைக் கேட்பதால் உண்டாவது. என் இரு கைகளுக்கும் அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரியும். தெரிந்துகொண்டே ஒரு கை மற்றதற்காகக் காத்திருப்பது நடிப்பு. நசீம் பானுவின் காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

வேறு வழி தேடினேன். இருபத்தாறு டோன்களில் ஒன்பதாவதை வைத்துக்கொண்டேன். உருண்டையானது, ஆடம்பரம் இல்லாதது. நடுவில் வயலின்களின் மண்டலத்தைச் சுருக்கினேன். பேஸில் நான்கு அடி வைக்கும் இடத்தில் இரண்டு வைத்தேன். வைத்த இரண்டையும் உடனே விடாமல் பிடித்துக்கொண்டேன். பாடுகிறவள் சாய்வதற்கு இடம் வேண்டுமென்றால் நான் குறைவாக வாசிக்க வேண்டும். என் குணத்துக்கு இது மிகவும் கடினம்.

அவர் அடுக்களையிலிருந்து, “அந்த எடத்துல இன்னும் கொஞ்சம் புடி” என்றார். பிடித்தேன். சரியாகத்தான் இருந்தது. சங்கீதம் தெரியாதாம்!

8 செப்டம்பர், ஞாயிறு

நான்கு பேராக முழுப் பயிற்சி. நசீம் பானு மூன்று பாட்டு பாடிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். “அண்ணன் மாதிரி இல்லக்கா” என்றாள். நான் காத்திருந்தேன். “ஆனா உக்காருது.”

சுருதி மாற்றும்போது இப்போது ‘எல்லா மண்டலமும்’ என்ற பொத்தானை முதலில் அழுத்துகிறேன். அழுத்தியதும் வெங்கட் ஒவ்வொரு முறையும், “கார்ப்பரேஷன் பதினஞ்சு மண்டலமும் வந்தாச்சா மேடம்?” என்கிறார்.

15 செப்டம்பர், ஞாயிறு

நேற்று நசரத்பேட்டை ரிசப்ஷன். காலை நான்கு மணிக்கே எழுந்து மண்டலங்களை மூன்று முறை சரிபார்த்தேன். அவர் நன்றாகத் தூங்கி எழுந்து, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, என்னையும் கருவியையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே வண்டியில் வந்தார். மண்டபத்தில் நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று நான் கேட்டேன். அவர் தேடவே இல்லை. நேராகப் போய் மூன்றாவது வரிசையில், மாப்பிள்ளை வீட்டார் நடுவில் உட்கார்ந்துகொண்டார். முன்பின் அறியாத ஒரு பெரியவருடன் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் இடப்பக்கத்தில், அவர் நிற்கும் இடத்தில், ஆளுயரப் பூத்தொட்டி. முதல் பாட்டில் சுருதிக்கூட்டை மாற்றியபோதெல்லாம் அந்தப் பக்கம் ஒன்றும் அசையவில்லை. இத்தனை ஆண்டுகளில் அங்கே ஓர் அசைவு இருந்தது என்பதையே நேற்றுத்தான் அறிந்தேன். மூன்றாம் பாட்டில் ஓரிடத்தில் இடது கை தவறிற்று. எவரும் கவனிக்கவில்லை. இரண்டு முறை சுருதி மாற்றினோம். மூன்று மண்டலங்களும் சேர்ந்தே இறங்கின, சேர்ந்தே ஏறின. கடைசிப் பாட்டில் புல்லாங்குழலுக்கு நீண்ட ஓர் இடம் உண்டு. அதில் நான் மூன்றாம் வரிசையைப் பார்க்கவில்லை. பார்த்தால் தவறிவிடும்.

எட்டரை மணிக்கு முடித்துக்கொண்டு பந்திக்குப் போனோம். அவர் எனக்கு முன்பே இலையில் இடம்பிடித்து, பக்கத்து நாற்காலியில் தம் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்தேன். எப்படி இருந்தது என்று கேட்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். அவர் அப்பளத்தை உடைத்தார், சாம்பாரைப் பிசைந்தார், ஒரு வாய் சாப்பிட்டார். பிறகுதான் பேசினார்.

“வசந்தா, உன் வலது கைய இன்னிக்குத்தான் கேட்டேன்.”

“என்ன சொல்கிறீர்கள்?”

“பக்கத்துல நிக்கறப்ப உன் இடது கையவேதான் பாத்துக்கிட்டு இருப்பேன். கண்ண எடுத்தா விட்டுப்போயிடுமே. வலது கை என்ன பண்ணுதுன்னு ஒருநாளும் தெரியாது. இன்னிக்கு ஒரு வேலையும் இல்லாம உக்காந்து கேட்டேனா…” ரசம் பரிமாறுகிறவர் வந்து நின்றார். என் கணவர் சோற்றில் குழி செய்து வாங்கிக்கொண்டு, அது ஓடாமல் சோற்றால் அணை கட்டிவிட்டுத் தொடர்ந்தார். “இப்படி வாசிப்பியா நீ? பதினஞ்சு வருஷமா?”

இந்தப் பாராட்டு ஒருநாள் வரும் என்று நான் எத்தனையோ மறுமொழிகளைச் செப்பனிட்டு வைத்திருந்தேன். அவர் இலையில் ரசம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“ரசம் ஆறிடும்” என்றேன். “சாப்பிடுங்க.”